பஞ்சர் ஒட்டியும் காற்று நிற்கவில்லையா? சைக்கிள் டயர் மாட்டுவதில் வரும் கோளாறுகள்

எங்கள் வீட்டில் மூன்று சைக்கிள்கள். அப்பாவின் பழைய 28 அங்குல சைக்கிள், மகள் பள்ளிக்குப் போகும் லேடீஸ் சைக்கிள், என்னுடைய கியர் சைக்கிள். வீட்டைச் சுற்றிச் சீமைக் கருவேலங்காடு. பஞ்சர் கடைக்குப் போக இரண்டு கிலோமீட்டர் உருட்ட வேண்டும். அதனால் நானே பஞ்சர் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒட்டிய டியூப் மறுநாளே இறங்கும். முள்ளைத்தான் திட்டினேன். கழற்றிக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது: முதல் ஓட்டைதான் முள் போட்டது, இரண்டாவது ஓட்டையைப் பெரும்பாலும் போட்டது நான், டயரை மாட்டும்போது.

அதனால் இங்கே ஒட்டுவதைவிட மாட்டுவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். உங்கள் சைக்கிளில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு டயர் லிவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் பட்டை), உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச், பம்பு, வாளியில் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு, முகத்துக்குப் போடும் பவுடர். லிவர் இல்லையென்றால் மழுங்கிய எவர்சில்வர் கரண்டிக் காம்பு உதவும். ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது டயரைக் கழற்றித் தரும், கூடவே டியூப்பில் ஒரு ஓட்டையும் தரும்.

கழற்றும் முன் ஒரு காரியம். டயரில் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூப்பில் எந்தப் பக்கம் உங்களைப் பார்த்து இருந்தது என்று பேனாவால் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். ஓட்டை கிடைத்ததும் டியூப்பைப் பழையபடி டயர் மேல் வைத்துப் பார்த்தால் முள் எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும்.

## காற்று அடித்த கையோடு இறங்குகிறது

டயரைக் கழற்றாதீர்கள். முதலில் வால்வைப் பாருங்கள்.

சாதாரண சைக்கிள் வால்வு, உள்ளே வால் டியூப் இருப்பது. மேல் நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் பித்தளை ஊசியை எடுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு பொடி ஓட்டை இருக்கும். வால் டியூப் என்கிற அந்த மெல்லிய ரப்பர் குழாய் அதை முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தாலோ தளர்ந்து கீழே இறங்கியிருந்தாலோ காற்று நிற்காது. புது வால் டியூப்பை எச்சிலில் நனைத்துக்கொண்டு, ஓட்டையைத் தாண்டி ஊசியின் தடித்த பாகம் வரை ஏற்றுங்கள். நட்டை இறுக்குங்கள். பஞ்சர் என்று நினைத்து நான் கழற்றிய டயர்களில் பல இதோடு முடிந்திருக்க வேண்டியவை.

பைக், காரில் இருப்பது போன்ற வால்வு. நடு ஊசியை ஒருமுறை அழுத்தி விடுங்கள், உள்ளே தூசி மாட்டியிருந்தால் சீறலோடு வெளியேறும். பிறகும் கசிந்தால் உள் ஊசி தளர்ந்திருக்கும். அதை இறுக்க ஒரு சின்னச் சாவி உண்டு, பைக் பஞ்சர் கடையில் கேட்டால் நொடியில் இறுக்கித் தருவார்கள்.

மெல்லிய, நீளமான ப்ரெஸ்டா வால்வு. நுனியில் இருக்கும் குட்டித் திருகை அடிக்கும் முன் தளர்த்தி, அடித்த பின் இறுக்க வேண்டும். பாதிப் பேர் இறுக்க மறந்துவிடுவார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

வால்வுதான் கசிகிறதா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. சக்கரத்தைச் சுற்றி வால்வை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது வால்வின் வாய் கீழ்நோக்கித் தொங்கும். இருமல் மருந்துக் குப்பியின் மூடியில் தண்ணீர் எடுத்து, கம்பிகளுக்கு நடுவே நுழைத்து வால்வு முங்கும்படி பிடியுங்கள். குமிழி வந்தால் வால்வு. வராவிட்டால்தான் டியூப்.

டியூப் என்று தெரிந்துவிட்டால், வெளியே எடுத்து ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒட்டும் முன் இதைப் பார்க்காமல் விட்டால் அதே வேலையை நாளைக்கும் செய்ய நேரும்.

தரையைப் பார்த்த பக்கம், ஒரே ஒரு பொடி ஓட்டை: முள், ஆணி, கண்ணாடித் துண்டு. டயரில் அதே இடத்தைத் தேடுங்கள்.

பக்கவாட்டில், பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை: காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்திலோ வேகத்தடை விளிம்பிலோ இறங்கியிருக்கிறீர்கள். டயரும் ரிம்மும் சேர்ந்து டியூப்பைக் கடித்திருக்கின்றன. முள் தேட வேண்டாம். இரண்டையும் ஒட்டி, காற்றைச் சரியாக அடித்தால் போதும்.

ரிம் பக்கம், கீறல் போல: லிவர் கிள்ளியது. போன முறை மாட்டியது நீங்களே என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரிம் பக்கம், நடுவில், வட்டமாக: ரிம் டேப், அதாவது ரிம்மில் சக்கரக் கம்பிகளின் தலைகளை மூடியிருக்கும் பட்டை, விலகியிருக்கிறது. கம்பியின் தலையோ அதன் துளையின் விளிம்போ டியூப்பைக் குத்துகிறது. டேப்பை நகர்த்திச் சரிசெய்யுங்கள். நைந்திருந்தால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை. கம்பி முனை நிப்பிளை (கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்ன நட்டை) தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். அரம் இல்லையென்றால் கடை.

வால்வின் அடியில் கிழிசல்: ஒட்ட முயல வேண்டாம். அந்த இடத்தில் பேட்ச் நிற்காது. புது டியூப்தான். ஏன் கிழிந்தது என்பதைக் கீழே, வால்வு சாய்ந்து நிற்பதைப் பற்றிய பகுதியில் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்க்காமல் புது டியூப் போட்டால் அதுவும் கிழியும்.

## ராத்திரி கல் மாதிரி இருந்தது, காலையில் சப்பை

இதுதான் எரிச்சலான ரகம். இதிலும் முதல் சந்தேகம் வால் டியூப்தான். அது நன்றாக இருந்தால் அடுத்தது டயருக்குள் ஒளிந்திருக்கும் முள் நுனி.

கருவேல முள் உள்ளே போய் ஒடிந்தால் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. நுனி ரப்பருக்குள் புதைந்து கிடக்கும். ஆள் ஏறி உட்கார்ந்து டயர் தரையில் அமுங்கும்போதுதான் உள்ளே எட்டிப் பார்க்கும், டியூப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் ஒளிந்துகொள்ளும். வெறும் விரலால் தடவினால் தட்டுப்படாது, தட்டுப்பட்டால் விரலில் ஏறும். பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுவதும் இரண்டு திசையிலும் தடவுங்கள். ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு இழை அதில் சிக்கி நிற்கும். அந்த இடத்தில் டயரை உள்பக்கம் வெளியாகப் பிதுக்கி, ஊக்கால் குத்தித் தள்ளி, நகவெட்டியால் கவ்வி இழுங்கள். நெடுஞ்சாலை ஓரம் ஓட்டுபவர்கள் கம்பி இழையையும் தேட வேண்டும். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் தலைமுடி போன்ற இரும்பு இழைகள் சாலையில் கிடக்கும். சைக்கிள் டயரில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.

முள்ளும் இல்லையா? அப்படியென்றால் போன முறை போட்ட பேட்ச் கசிகிறது. லேசாகக் காற்று ஏற்றி டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி, பேட்சின் ஓரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு குமிழி வந்தாலும் காலையில் சப்பைதான்.

பேட்ச் கசிவதற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று. தண்ணீரில் முக்கிய டியூப்பைச் சரியாகத் துடைத்துக் காயவைக்காமல் ஒட்டுவது ஒன்று. டியூப்பின் மேல் ஓடும் மேடான அச்சுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்காமல் அதன்மேலேயே பேட்ச் போடுவது இன்னொன்று. மூன்றாவது அவசரம். சொல்யூஷனைப் பேட்சைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, மெல்லியதாகத் தடவி, ஈர மினுக்கம் போகும்வரை ஐந்து நிமிடம் விட வேண்டும். ஊதி ஊதிக் காயவைத்தால் எச்சில் ஈரம்தான் சேரும். காய்ந்த பின் பேட்சை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நன்றாக அழுத்துங்கள். மேலே சுற்றிப் பவுடர் தூவினால் டயரோடு ஒட்டாது. ஒட்டியதைச் சோதிக்கிறேன் என்று வெளியில் வைத்தே டியூப்பைப் பலூன் போல ஊதாதீர்கள். ரப்பர் இழுபட்டுப் புதுப் பேட்ச் விட்டுவிடும்.

ஒரே டியூப்பில் நான்கைந்து பேட்ச் ஆகிவிட்டால் நான் ஒட்டுவதில்லை. மாற்றிவிடுகிறேன்.

## கடைசி ஒரு சாண் உள்ளே போகமாட்டேன் என்கிறது

எல்லாரும் லிவரை எடுப்பது இந்த இடத்தில்தான். டியூப் கிள்ளப்படுவதும் இந்த இடத்தில்தான். லிவரைத் தூர வையுங்கள். டயர் உள்ளே போகாததற்கு உங்கள் கைப்பலம் காரணமில்லை.

ரிம்மைக் குறுக்கே பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். டயரின் ஓரத்தில் இருக்கும் கம்பி இழுத்தாலும் நீளாது. எதிர்ப்பக்கத்தில் அந்தக் கம்பி நடுப்பள்ளத்தில் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். எதிர்ப்பக்கம் ரிம் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தால் பயில்வான் வந்தாலும் மாட்ட முடியாது.

நான் செய்யும் வரிசை இது:

1. டியூப்பில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. முறுக்கிக் கிடக்கும் டியூப் கட்டாயம் கிள்ளப்படும்.

2. முதலில் வால்வை ரிம் துளையில் விட்டு, நட்டை இரண்டு சுற்று மட்டும் திருகுங்கள். முழுக்க இறுக்க வேண்டாம். பிறகு டியூப்பைச் சுற்றிலும் டயருக்குள் தள்ளுங்கள்.

3. டயர் ஓரத்தை உள்ளே தள்ளுவதை வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, இரண்டு கையாலும் இரண்டு பக்கமாக வால்வை நோக்கி வாருங்கள். முடிவது வால்வில்தான் இருக்க வேண்டும். பலரும் வால்வில் தொடங்கி எதிரில் முடிக்கிறார்கள். வால்வின் தடித்த அடிப்பாகம் நடுப்பள்ளத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே டயர் கம்பி பள்ளத்தில் இறங்காது. அந்தத் தளர்வு வீணாகிவிடும்.

4. கடைசி ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது டியூப்பில் இருக்கும் காற்றை விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கம் போய் டயரை இரண்டு பக்கமும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளி, இரண்டு ஓரக் கம்பியும் நடுப்பள்ளத்தில் விழும்படி அமுக்கிக்கொண்டே வால்வு வரை வாருங்கள். துணி பிழிவது போல, தளர்வை முன்னால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இரண்டு முறை இப்படி வந்தால் மிச்சமிருக்கும் ஒரு சாண் நான்கு விரல் ஆகும்.

5. இப்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தை டயர் மேல் வைத்து உங்களிடமிருந்து வெளியே உருட்டித் தள்ளுங்கள். டொப்பென்று விழும்.

6. வால்வை ஒருமுறை டயருக்குள் நன்றாக அழுத்தி, பிறகு வெளியே இழுங்கள். வால்வின் அடியில் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் மாட்டியிருந்தால் விடுபட்டுவிடும்.

புது டயர் விறைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு எடுங்கள். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவலாம். எண்ணெய், கிரீஸ் கூடாது, ரப்பர் கெடும்.

இத்தனை செய்தும் உள்ளே போகவில்லை என்றால் அளவே தவறாக இருக்கலாம். மகள் சைக்கிளுக்கு ‘26 டயர்’ என்று கேட்டு வாங்கிவந்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பெயரில் 26 என்று இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. 26 x 1⅜ டயர் உட்காரும் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 x 1½ என்றால் 584. கியர் சைக்கிளில் வரும் 26 x 1.95 என்றால் 559. நான் வாங்கிவந்தது கடைசி ரகம். 31 மில்லிமீட்டர் சின்ன டயரை எந்த வித்தையாலும் மாட்ட முடியாது. அதேபோல் பழைய 28 x 1½ சைக்கிளுக்கு 635, புது ஹைப்ரிட் சைக்கிளில் 700சி என்று போட்டிருப்பது 622. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண்தான் முக்கியம். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஏதோ ஒரு வழியில் லிவரால் நெம்பித்தான் ஆக வேண்டும் என்றால், நெம்பும் ஒவ்வொரு முறையும் லிவருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் இல்லை என்று கண்ணால் பாருங்கள். கையில் சத்தமாக ‘டக்’ என்று ஏதாவது அறுந்தது போல் உணர்ந்தால் டயரின் ஓரக் கம்பி போயிருக்கலாம். கம்பி அறுந்த டயரை ஓட்டக் கூடாது.

## காற்று அடிக்கும்போதே வெடித்தது

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தாரா? எனக்கு வந்தார். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: டயர் ஓரத்தின் அடியில் டியூப் மாட்டியிருந்திருக்கிறது. காற்று ஏற ஏற டயர் ரிம்மை விட்டு எழும்பும், டியூப் வெளியே பிதுங்கி வெடிக்கும். கிழிசல் ஒரு விரல் நீளம் இருக்கும். ஒட்ட முடியாது.

அடுத்த முறை காற்று அடிக்கும் முன் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, இரண்டு பக்கமும் டயர் ஓரத்தைக் கட்டைவிரலால் விலக்கி ரிம்மைப் பாருங்கள். எங்கேயும் டியூப்பின் கறுப்பு எட்டிப் பார்க்கக் கூடாது. பாதிக் காற்று அடித்து நிறுத்தி, இன்னொரு முறை பாருங்கள். எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயில் சைக்கிளுக்கு அடிப்பவர்கள் விட்டு விட்டு அடிக்க வேண்டும். சைக்கிள் டியூப் கொள்ளும் காற்று மிகக் கொஞ்சம். அந்த வேகத்தில் கண் மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டில் பி.எஸ்.ஐ. கணக்கில் இருக்கும்.

டயர் பக்கவாட்டில் வெட்டு இருந்து, அதன் வழியாக டியூப் குமிழ் போல் பிதுங்கி வெடித்திருந்தால், அன்றைக்கு வீடு போய்ச் சேர பழைய டயரில் வெட்டிய துண்டை உள்ளே வைத்துச் சமாளிக்கலாம். பற்பசைக் குழாயை வெட்டி வைத்தும் வந்திருக்கிறேன். மறுநாள் புது டயர்.

## ஓட்டும்போது தூக்கிப் போடுகிறது

டயரின் இரண்டு பக்கமும் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அந்தக் கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும்.

ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால்: அங்கே டயர் சரியாக ஏறி உட்காரவில்லை. காற்றைக் குறைத்து, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் இழுத்துவிட்டு, மறுபடி அடியுங்கள்.

கோடு மேலே ஏறித் தெரிந்தால்: அடியில் டியூப் மாட்டியிருக்கிறது, பெரும்பாலும் வால்வுக்குப் பக்கத்தில். உடனே காற்றை இறக்குங்கள். ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் மேலே சொன்ன வெடிதான்.

கோடு சரியாக இருந்தும் டயர் வீங்கியிருந்தால்: உள் நூல் அறுந்துவிட்டது. டயரை மாற்ற வேண்டும்.

டயர் சரி, சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால்: பென்சிலை ஃபோர்க்கில் அணைத்துப் பிடித்து, முனை ரிம்மைத் தொடாமல் தொட நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் கோட்டம். இது கடைக்காரர் வேலை. கம்பியை வீட்டில் திருகி நேராக்குகிறேன் என்று நான் ஒருமுறை இறங்கினேன். முட்டை வடிவச் சக்கரத்தோடு கடைக்குப் போக வேண்டியதாயிற்று, கோட்டம் எடுப்பவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

## வால்வு சாய்ந்து நிற்கிறது

காற்றுக் குறைவாக ஓட்டினால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டயரும் டியூப்பும் ரிம்மில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். வால்வு துளையில் மாட்டியிருப்பதால் அது மட்டும் நகர முடியாமல் சாயும். அப்படியே விட்டால் அடியில் கிழியும். காற்றை முழுக்க இறக்கி, வால்வு நட்டைத் தளர்த்தி, டயரை இரண்டு கையாலும் பிடித்து எதிர்த்திசையில் இழுத்து நேராக்கிவிட்டுக் காற்று அடியுங்கள். டயரைக் கழற்றவே தேவையில்லை.

ரிம் துளையின் விளிம்பு கூராக இருந்தாலும் வால்வின் அடி அறுபடும். விரலை விட்டுப் பாருங்கள், கீறினால் உப்புத்தாளால் மழுங்கவையுங்கள். பழைய இரும்பு ரிம் என்றால் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிம் டேப் போடும் பள்ளமே துருவில் அரித்திருந்தால் ரிம் மாற்ற வேண்டும். செலவு கூடிய வேலை இதுதான். கம்பி கோத்து, கோட்டம் எடுத்து எல்லாம் வரும், கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.

## சக்கரத்தைத் திரும்ப மாட்டிய பின் உரசுகிறது, செயின் கழல்கிறது

சாதாரண சைக்கிளில் பஞ்சர் ஒட்டப் பின் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். கடைகளில் பாருங்கள், சைக்கிளைச் சாய்த்துப் போட்டு டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து டியூப்பை உருவுவார்கள். டயரே மாற்றும்போதுதான் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி, செயின் என்று எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். கழற்றிய வாஷர்களைக் கழன்ற வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

மாட்டும்போது பெடலுக்கு அருகில், ஃப்ரேமின் இரண்டு தண்டுகளுக்கும் டயருக்கும் நடுவே இருபுறமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் போல எழ வேண்டும். நட்டை ஒரு பக்கம் முழுக்க இறுக்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள், இல்லாவிட்டால் சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இறுக்கிய பின் மறுபடி இடைவெளியைப் பாருங்கள். ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டை டயரில் படாமல் ரிம்மில் படுகிறதா என்பதையும் கடைசியாக ஒரு பார்வை. டயரில் பட்டால் ஒரே வாரத்தில் பக்கவாட்டை அறுத்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து.